இடப்பக்கம் போன அம்புகள்

வேட்டித் துணியின் முடிச்சை அவிழ்த்ததும் ஆளிவிதை எண்ணெயின் வாசம் முகத்தில் அடித்தது. வேறு யாராக இருந்தாலும் கண் கலங்கியிருக்கும். எனக்குக் கோபம்தான் வந்தது. வங்கியிலிருந்து வந்ததும் சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, உள்ளங்கையில் அந்த எண்ணெயை ஊற்றிக்கொண்டு வில்லை மேலிருந்து கீழாக நீவுவாயே, அந்த வாசம். மறுநாள் கடன் கேட்டு உன் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்தவர்கள்கூட அதை முகர்ந்திருப்பார்கள். நீ போனபின் ஒரு மழைக்காலம் வந்து போய்விட்டது. வாசம் போகவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் வசந்தியும் கயலும் கோச்சடையில் என் வீட்டு முன்னால் ஆட்டோவை விட்டு இறங்கினார்கள். உன் மனைவி கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டாள். உன் மகள் அப்படி நிற்கிறவள் இல்லை. உன்னைப் போலவே கேட்காமல் கொக்கியைத் தூக்கி உள்ளே வந்து, துணி சுற்றிய வில்லை என் மேஜையில், நான் திருத்திக்கொண்டிருந்த விடைத்தாள்களின் மேலேயே வைத்தாள்.

“ஞாயித்துக்கெழம உசிலம்பட்டிக் காட்டுல வில்லுக்காரங்க கூடுறாங்க மாமா. மொத அம்ப அப்பா வில்லுல நான் விடணும்னு சொல்லியிருக்காங்க. நேத்து விட்டுப் பாத்தேன். எல்லாம் எடது பக்கமாவே போகுது.”

“எந்த அம்பு?”

“நீங்க செஞ்சதுதான்.”

நீ அவற்றை எறிந்துவிடவில்லை என்பதே எனக்குச் செய்தி. ஊருக்கு முன்னால் தூற்றிய அம்புகளை இத்தனை வருடம் எதற்குப் பத்திரமாக வைத்திருந்தாய் என்று கேட்க வேண்டும்போல் இருந்தது. கேட்க நீ இல்லை. இதுவும் உன் வழக்கம்தான். சண்டையைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போவது.

ஆக, உன் வில் என் கையில். ஞாயிறு காலைக்குள் அதற்குப் பொருந்துகிற அம்புகளை நான் செய்து தர வேண்டும். முடியாது என்றால், பகையை மனதில் வைத்துக்கொண்டு மறுத்தான் என்பார்கள். சோதிக்கும்போது வில் ஒடிந்தால், வேண்டுமென்றே ஒடித்தான் என்பார்கள். என்னிடம் ஒடியாமல் அவள் கையில் ஒடிந்தால், சிராய்கள் தெறிக்கிற இடம் அவள் முகம். அதற்குமேல் நினைக்க நான் விரும்பவில்லை. வைத்துவிட்டுப் போம்மா என்றேன். வசந்தி வெளியிலிருந்தே, “வாரோம்ணே” என்றாள்.

நமக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது நாற்பதை நெருங்கும்போது. கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். நீ வங்கிக்குப் போனாய். நான் அதே கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கப் போனேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் கைபேசியில் எவனோ ஒரு வெள்ளைக்காரன் மரத்தைச் சீவி வில் செய்வதைக் காட்டினாய். அடுத்த வாரமே மர அறுவை மில்லில் சொல்லிவைத்து ஒரு சடச்சிக் கட்டையை வாங்கி வந்துவிட்டாய். வளைத்தாலும் மீளுகிற மரம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். “வில்லு எனக்கு, அம்பு ஒனக்கு மாப்ள,” என்றாய். “வளையிறது, விசை, அதெல்லாம் ஒன் பாடந்தான?”

அம்பு செய்வதென்றால் குச்சியைக் கூராக்குவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். மர வில்லில் அம்பு நடுவில் இருப்பதில்லை. பிடியின் இடப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். நாணோ நடுவை நோக்கிப் பாயும். விட்ட கணத்தில் அம்பு நெளிந்து, பிடியைச் சுற்றி விலகி, அதற்கப்புறம்தான் நிமிர்ந்து போக வேண்டும். வில்லின் பலத்துக்கு அம்பு விறைப்பாக இருந்தால் நெளியாது. பிடி அதை இடப்பக்கம் தள்ளிவிடும். துவண்டதாக இருந்தால் அதிகம் நெளிந்து வலப்பக்கம் போகும். ஆகவே நல்ல அம்பு என்று தனியாக ஒன்று கிடையாது. இந்த வில்லுக்கு நல்ல அம்பு என்பதுதான் உண்டு.

என் மாடி அறையில் ஒரு பலகையில் இரண்டு ஆணி அடித்து, அவற்றின்மேல் மூங்கில் குச்சியைக் கிடத்தி, நடுவில் எடைக்கல்லைத் தொங்கவிட்டு, குச்சி எவ்வளவு தாழ்கிறது என்று பார்ப்பேன். ஒரே அளவு தாழ்கிற குச்சிகள் ஒரு கட்டு. நீ பொறுமையில்லாமல் அறைக்குள் சுற்றிச் சுற்றி நடப்பாய். பொருத்தமான கட்டைக் கண்டுபிடித்து, வான்கோழி இறகு ஒட்டி, நூல் சுற்றி முடித்திருப்பேன். உன் போன் வரும். “கோவிச்சுக்காத மாப்ள. கீழ்ப்பக்கத்த லேசா ஒரு சீவு சீவிட்டேன்.” ஒரு சீவலில் வில் இளைத்துவிடும். நேற்றுவரை சரியாக இருந்த என் அம்பெல்லாம் அந்த நிமிடமே விறைத்த அம்பாகிவிடும். மறுபடி முதலிலிருந்து. எனக்கு அது எரிச்சல் என்று தெரிந்தே அடுத்த வாரமும் சீவுவாய். ஆனால் ஒவ்வொரு முறையும் சொன்னாய். ஒரு சீவலைக்கூட என்னிடம் மறைக்காதவன் நீ. அதனால்தான் பின்னால் நடந்ததை என்னால் விட முடியவில்லை.

அந்த வருடம் ஆவணியில் வில் முடிந்தது. இனி உளியைத் தொட மாட்டேன் என்றாய். இறகு ஒட்டாத அம்பை விட்டுப் பார்த்தோம். அம்பின் உண்மையைச் சொல்வது அதுதான். தவறை மறைக்க அதற்கு இறகு கிடையாது. அது நூல் பிடித்ததுபோல் நேராகப் போய்க் குத்தியது. “ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு கட்டிக்கிருச்சுடா,” என்று நீ என் முதுகில் அறைந்தாய். அப்புறம் மழைக்காலம். மரம் ஈரம் குடிக்கும் என்பதால் மழைக்காலத்தில் வில்லை எடுப்பதில்லை என்பது நாம் வைத்துக்கொண்ட விதி.

மழை ஓய்ந்த மார்கழியில் உசிலம்பட்டிக்கு அப்பால் உங்கள் பெரியப்பாவின் தரிசில் கூட்டம். தேனியிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் வந்திருந்தார்கள். வைக்கோல் கட்டுகளின்மேல் துணி கட்டி இலக்கு. நீ காரிலிருந்து இறங்கும்போதே வில்லில் நாண் ஏறியிருந்தது. எப்போதும் என் கண்முன்னால்தான் ஏற்றுவாய். என்னடா இது என்றேன். நேரமாச்சு என்றாய். முதல் அம்பு இடப்பக்கம் போனது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்தது வைக்கோலையே தொடவில்லை. யாரோ சிரித்தார்கள். நீ என் பக்கம் திரும்பவே இல்லை. கூட்டத்தைப் பார்த்துத்தான் சொன்னாய்.

“வில்லு என்னோடது, சொன்னபடி கேக்கும். அம்பு நம்ம வாத்தியாரோடது. புஸ்தகத்துல உள்ளபடிதான் போகும்.”

காடே சிரித்தது. நீயும் சிரித்தாய். பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்க் கடையில் டீ ஆறுகிறவரை உன்னிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். வில்லைத் தராசில் மாட்டி இழுத்துப் பார்ப்போம், குறை எதில் என்று தெரிந்துவிடும் என்றேன். “விடுறா மாப்ள, வெளையாட்டுக்குச் சொன்னதுக்கு இம்புட்டா?” என்றாய். நான் டீயை வைத்துவிட்டு டவுன் பஸ்ஸில் ஏறினேன். அதோடு சரி.

விளையாட்டுப் பேச்சு விளையாட்டாக நிற்கவில்லை. அந்தக் கூட்டத்து ஆட்கள் கடைவீதியில் என்னைப் பார்த்தால், “சார், புஸ்தக அம்பு எப்படிப் போகுது?” என்பார்கள். அது எப்படியோ என் மாணவர்கள் காதுவரை போனது. கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போது முதுகுக்குப் பின்னால் அந்தச் சிரிப்பைக் கேட்டிருக்கிறேன். நான் எதையும் மறக்கிறவன் இல்லை என்பது உனக்குத் தெரியும். திருநகரில் அண்ணன் மதில் சுவரை என் மனைக்குள் தள்ளிக் கட்டியதை மறக்கவில்லை. துறைத் தலைவர் நாற்காலியில் எனக்கு இளையவனை உட்கார வைத்ததை மறக்கவில்லை. ஆனால் அவர்களெல்லாம் எனக்கு வேண்டியவர்கள் இல்லை. நீ வேண்டியவனாக இருந்தாய்.

உன் சாவுக்கு வந்தேன். தெருவில் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். எடுக்கும் முன் கிளம்பிவிட்டேன். யாரோ பின்னால், “வாத்தியாரு போறாரு பாரு,” என்றது கேட்டது.

இந்த வாரம் கல்லூரி முடிந்ததும் நேராக மாடிக்குத்தான் போனேன். வில்லைத் தரையில் கிடத்திப் பார்த்தேன். நாண் இல்லாமலே அது வளைந்து கிடந்தது. நாம் முடித்தபோது நுனிகள் நேராக நின்றன. இப்போது, வேலை செய்து ஓய்ந்த ஆளின் முதுகுபோல ஒரு கூன். தராசில் மாட்டி, கயல் இழுக்கிற நீளத்துக்கு மெல்ல இழுத்தேன். முள் நான் எதிர்பார்த்த இடத்துக்குப் பாதியிலேயே நின்றுவிட்டது. அவள் கை உன் கையைவிடக் குட்டை. அதற்கான குறைவைக் கழித்தாலும் வில் வெகுவாக இளைத்திருந்தது.

எனக்குச் சந்தோஷம் வந்ததைச் சொல்ல வெட்கப்படவில்லை. அப்படியானால் அம்பில் குறை இல்லை. ஆனால் நான் வாத்தியார். இது நிரூபணம் ஆகாது என்று எனக்குத் தெரியும். இத்தனை வருடத்தில் மரம் தானாக இளைத்திருக்கலாம். அந்த மார்கழியில் எப்படி இருந்தது என்று சொல்ல நீ ஒருவன்தான் சாட்சி.

பஞ்சை எடுத்து வில்லின் உட்புறத்தில் மெல்ல ஓட்டினேன். ஓர் இடத்தில் இழை சிக்கியது. நகத்தால் தடவினால் முடி கனத்தில் ஒரு மடிப்பு. வெடிப்பு இல்லை. ஆனால் அளவுக்கு மீறி இழுத்தால் ஒடிகிற இடம் அதுதான். அதன்மேல் மெழுகு பூசிய நூலை நெருக்கமாகச் சுற்றிப் பசை தடவினேன்.

வில்லோடு துணியில் சுற்றி வந்திருந்த பழைய அம்புகளை மணற்தாளால் தேய்த்து மெலிய வைத்தால் இந்த வில்லுக்குச் சரியாகிவிடும். ஒரு நாள் வேலைகூட இல்லை. நான் அவற்றில் கை வைக்கவில்லை. அவை சரியான அம்புகள். புதிதாக மெல்லிய மூங்கில் வாங்கி, கரி அடுப்பில் காட்டி நிமிர்த்தி, வழக்கத்தைவிட அதிகம் தாழ்கிற குச்சிகளாகப் பொறுக்கினேன். இளைத்த வில்லுக்கு அம்பு தேடுவது வேறு மாதிரி வேலை. எவ்வளவு தாங்கும் என்று கேட்பதில்லை, எவ்வளவு விட்டுக்கொடுக்கும் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

இன்று காலை ஆற்றோரம் எங்கள் தெரு முடிகிற காலி மனையில் சோதித்தோம். மண்மேட்டில் பழைய மெத்தையைச் சாய்த்து வைத்திருந்தேன். வசந்தியும் வந்திருந்தாள். கயல் வில்லுக்குக் கை நீட்டினாள். முதலில் நான்தான் என்றேன். அவளைப் பத்தடி தள்ளி நிற்கச் சொன்னேன்.

“பயமா மாமா?”

“ஆமா.”

நாணை ஏற்றி, முகத்தை முடிந்தவரை விலக்கிக்கொண்டு இழுத்தேன். பாதி இழுவையில் ‘டிக்’ என்று ஒரு சத்தம். கயல், “அய்யோ,” என்றாள். நான் அசையவில்லை. விடவும் முடியாது, இழுக்கவும் முடியாது. நூல் சுற்றிய இடத்தையே பார்த்தேன். அங்கே ஒன்றும் நகரவில்லை. வில் நுனியில் வெட்டியிருந்த காதில் நாண் நழுவி உட்கார்ந்த சத்தம்தான் அது என்று புரிய ஒரு மூச்சு நேரம் ஆகியிருக்கும். அந்த ஒரு மூச்சில் என் நினைப்பில் உன் வீட்டு ஆட்கள் அத்தனை பேரும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மெல்ல, முழு அளவுக்கு இழுத்தேன். வில் தாங்கியது.

இறகில்லாத அம்புகள். முதலாவது சற்றே இடப்பக்கம் சாய்ந்து குத்தியது. அதைவிட மெல்லியது துவண்டு வலப்பக்கம் போனது. இரண்டுக்கும் நடுவில் உள்ள கட்டிலிருந்து எடுத்ததை விட்டேன். நேராகப் போனது. அதே கட்டில் இறகு ஒட்டி வைத்திருந்ததை எடுத்துக் கயல் கையில் கொடுத்தேன். தாடையைத் தாண்டி இழுக்கக் கூடாது என்று சொல்லி, அவள் முழங்கையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அம்பு மெத்தையின் நடுவில் போய்க் குத்தியது. இன்னொன்று விட்டாள். அதுவும் அங்கேயே. திரும்பியபோது அவள் முகம் உன் முகமாகவே இருந்தது.

“அப்பா சொன்னது சரிதான் போல மாமா,” என்றாள். “அம்ப மாத்துனதும் நேராப் போகுது பாருங்க.”

அவள் குத்திக்காட்டவில்லை. சந்தோஷத்தில் சொன்னாள். அதனால்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

“அம்ப மாத்துனது வில்லு இளைச்சுப் போனதாலம்மா. பழைய அம்புல ஒரு கொறையும் இல்ல.”

அவள் சிரிப்பு நின்றது. “அப்பா வில்லக் கொற சொல்றீங்களா?”

“வில்லு என்ன காட்டுதோ அதச் சொல்றேன்.”

“அதையும் அவர் இல்லாதப்ப சொல்றீங்க.”

இதற்கு என்னிடம் பதில் இருந்தது. நிறைய இருந்தது. வருடக்கணக்கில் சேர்த்து வைத்த பதில்கள். வாயைத் திறப்பதற்குள் வசந்தி மனை ஓரத்திலிருந்து நடந்து வந்து நம் இருவருக்கும் நடுவில் — பார், ‘நம்’ என்று எழுதிவிட்டேன் — எனக்கும் கயலுக்கும் நடுவில் நின்றாள்.

“அண்ணேகிட்ட அப்படிப் பேசாத கயலு. அம்பு நல்ல அம்புதான். ஒங்கப்பா வாயாலயே சொன்னாக.”

வில் முடிந்த அந்த வருடம் ஆயுத பூஜைக்கு அவள் பிறந்த வீட்டு ஆட்கள் வந்திருந்தார்களாம். நீ வில்லை நாண் கழற்றிய கம்பாகத்தான் சாமி படத்துக்கு முன்னால் சாத்தியிருந்தாயாம். வில்லுனு சொன்னா வில்லாட்டம் இருக்க வேண்டாமா, வந்தவங்க கம்புக்கா சந்தனம் வச்சிருக்கீகனு கேக்குறாங்க, நாணை ஏத்தி வைங்க என்று இவள் சொல்லியிருக்கிறாள். ஏற்றிச் சந்தனம் குங்குமம் வைத்து மாலை போட்டாயிற்று. பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள்வரை தொடக் கூடாது. மறுநாள் விடியுமுன்னே உன்னை வங்கிப் பயிற்சிக்கென்று வெளியூருக்கு அனுப்பிவிட்டார்கள். நாணை இறக்கு என்று சொல்லிவிட்டுப் போக உனக்கு மறந்துவிட்டது. மாலையோடு அழகாக இருக்கிறதென்று இவள் அப்படியே சுவரில் மாட்டியிருக்கிறாள். வெளியே ஐப்பசி மழை. நாண் ஏறிய வில் ஈரத்தைக் குடித்துக்கொண்டு, நாள்கணக்கில் இழுபட்டபடியே தொங்கியிருக்கிறது. நீ திரும்பி வந்து இறக்கியபோது அது நிமிரவில்லை.

“நாண எறக்குன அன்னிக்கி ஒண்ணுஞ் சொல்லலண்ணே. போட்டி முடிஞ்சு வந்துதான் சோறு திங்காம ஒக்காந்திருந்தாக. அம்பு நல்ல அம்புதாண்டி, வில்லுதான் போச்சுன்னாக. அப்ப அண்ணேகிட்டச் சொல்லிருங்கன்னேன். எப்படிப் போச்சுனு கேப்பான், ஒன்னைய இழுக்கணும், வேணாம்னுட்டாக.” அவள் என்னைப் பார்க்காமல் மெத்தையைப் பார்த்துப் பேசினாள். “அவுக சொல்லலேனா நான் சொல்லியிருக்கலாம். தெனமும் நெனப்பேன். திங்கக்கெழம அதுக்குத்தான் வந்தேன். கேட்டுக்குள்ள கால் வைக்க முடியல.”

கயல் வில்லை என் கையில் கொடுத்தாள். நான் நூல் சுற்றிய இடத்தைத் தடவிக்கொண்டிருந்தேன். அம்பு நல்ல அம்புதான். எத்தனை வருடம் காத்திருந்த சொல். அது அன்று இரவே, ஆறிப்போன சோற்றுக்கு முன்னால், உன் வீட்டுக்குள் சொல்லப்பட்டுவிட்டது. எனக்குத்தான் வந்து சேரவில்லை.

நீ அவளுக்காக மறைத்தாயா, உனக்காக மறைத்தாயா? கூன் விழுந்த வில்லை நான் பார்த்துவிடக் கூடாதென்று காரிலேயே நாண் ஏற்றி வந்தாயே, அதுவும் அவளுக்காகவா? காடு சிரித்தபோது கூடச் சேர்ந்து சிரித்தாயே, அது யாருக்காக? அவள் சொல்வதைத்தான் நம்ப வேண்டுமென்று எனக்கு ஆசை இருக்கிறது. நம்புகிறேன் என்று சொல்ல மாட்டேன்.

இதில் இன்னொன்றும் செய்துவிட்டாய். உன்மேல் இருந்த கோபம் எனக்குப் பழகிய பொருள். இருட்டில்கூடக் கை வைத்தால் கிடைக்கும். இப்போது அதில் பாதியை, முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு நிற்கிற ஒரு பெண்பிள்ளைமேல் போட வேண்டும் என்கிறாய். சாமிக்கு முன்னால் வில் வில்லாகத் தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டதற்காக. அதைச் செய்ய எனக்கு வரவில்லை.

அவர்கள் போய்விட்டார்கள். கயல் வில்லையும் புது அம்புகளையும் எடுத்துக்கொண்டு பழைய அம்புகளை என்னிடமே விட்டுவிட்டாள். நாளைக் காலை எத்தனை மணிக்கு வருவீங்க என்று மட்டும் கேட்டாள், சிரிக்காமல். வருகிறேன் என்றேன். வில்லைத் தூக்கி வரும்போதும் இழுக்கும்போதும் பக்கத்தில் நான் நிற்க வேண்டும். அந்த மடிப்பைத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். கூட்டத்தில் யாராவது அம்பு யாருடையது என்று கேட்டால் என்ன சொல்லப்போகிறாள் என்று எனக்குத் தெரியாது. நானாக எதுவும் சொல்லப்போவதில்லை.

உன்னிடமிருந்து என்னிடம் தங்கியது என்ன என்று யோசித்தால், ஒரு பழக்கம். எந்தக் குச்சியைக் கண்டாலும், வகுப்பில் சுட்டுகிற கோலானாலும் குடைக் கம்பியானாலும், இரண்டு கட்டைவிரலையும் வைத்து லேசாக அழுத்திப் பார்க்கிறேன். எங்கே வளைகிறது, எவ்வளவில் எதிர்க்கிறது என்று. என் மனைவி, “ஆரம்பிச்சாச்சா?” என்பாள். விட முடியவில்லை. கோபமும் அப்படித்தான் இருக்கிறது. இன்றைக்கு அழுத்திப் பார்த்தேன். பழைய விறைப்பு இல்லை, ஆனால் இருக்கிறது.

வசந்தி ஆட்டோவில் ஏறும்போது, “மனசுல வச்சுக்கிறாதீகண்ணே,” என்றாள். அவளிடம் பரவாயில்லை என்று சொல்லிவிட்டேன். உன்னிடம் சொல்லவில்லை.